ஜப்தி செய்யக் கூடாதவை

1920ஆம் ஆண்டு சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் பின்பக்கங்களில், வரி விதிப்பும் வசூலும் பற்றிய விதிகளுக்கு நடுவே ஒரு சின்னப் பத்தி வருகிறது. வரிப் பாக்கிக்காக ஒரு வீட்டுக்கு ஜப்திக்குப் போகிறவர் எதையெல்லாம் தொடக் கூடாது என்று அது சொல்கிறது. பாக்கிதாரரும் அவர் மனைவி மக்களும் உடுத்தத் தேவையான துணி. படுக்கை. சமைக்கவும் சாப்பிடவும் உள்ள பாத்திரங்கள். கைத்தொழில் செய்பவரின் கருவிகள். கணக்குப் புத்தகங்கள். விவசாயி என்றால் ஏர் கலப்பை, விதை நெல், பிழைப்புக்கு வேண்டிய மாடு.

அந்தப் பத்தியை அடிக்கடி எடுத்துப் படிக்கிறேன். வீட்டுக்குள் நுழைந்து, மூலை மூலையாகப் பார்த்து, இதை விட்டுவிடு, அதையும் விட்டுவிடு என்று சொல்லிக்கொண்டே போகிறது. எழுதியவர் யாராக இருந்தாலும் இல்லாதவர் வீட்டை உள்ளே போய்ப் பார்த்தவர் என்று தோன்றுகிறது.

நான் பெரிய காஞ்சிபுரத்துக்காரன். கைத்தொழிலாளியின் கருவி என்று படித்ததும் எனக்குப் பிள்ளையார்பாளையத்துத் தறிதான் கண்முன் வரும்.

*

குழித்தறி. தரையில் தோண்டிய குழியின் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு, மிதியை மாற்றி மாற்றி அழுத்த வேண்டும். தறியின் கால்கள் மண்ணில் ஊன்றியவை. வீட்டின் முன்கட்டில் பெரும்பகுதியைத் தறி எடுத்துக்கொள்ளும்; மனிதர்கள் மீதி இடத்தில் படுத்துக்கொள்வார்கள். கோர்வைப் புடவை என்றால் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா. தறிக்காரர் ஒருவரால் மட்டும் ஆகாது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கித் தள்ளிக் கொடுக்க வேண்டும். அந்த இடத்தில் தலைமுறை தலைமுறையாக வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். பள்ளிக்கூட வருகைப் பதிவில் விழுந்த ஓட்டைகளில் பல அந்த இடத்தில் போய் அடைபட்டவை.

1930களின் தொடக்கத்தில் அப்படி ஒரு வீட்டுக்கு நகராட்சியின் ஆள் ஜப்தி வாரண்டோடு வந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எதை எடுத்துப் போவார்? தறி சட்டப்படி கூடாது. தறியில் பாதி நெய்து நிற்கும் புடவையின் பட்டும் சரிகையும் முதலாளி கொடுத்தவை. கூலிக்கு நெய்பவருக்கு அதில் சொந்தம் தன் உழைப்பு மட்டுந்தான். பாய் படுக்கை கூடாது. சோற்றுப் பானை கூடாது. மிஞ்சுவது ஒரு பித்தளை அண்டா, கல்யாணத்தில் வந்த குத்துவிளக்கு, ஒருவேளை ஒரு மரப்பெட்டி. தண்ணீர்க் குடம் சமையல் பாத்திரத்தில் சேருமா, சேராதா? சட்டம் அதைச் சொல்லவில்லை. வாசலில் நிற்கும் அந்த மனிதரும், உள்ளே கதவுக்குப் பின்னால் நிற்கும் அம்மாளுந்தான் அதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

நகராட்சி நிர்வாகம் என்பது எனக்கு எப்போதும் அந்த வாசற்படிதான். மன்றக் கூட்டமும் தீர்மானமும் சேர்மனின் நாற்காலியும் அதற்கு அப்புறம்.

*

காஞ்சிபுரம் 1866இல் நகராட்சியானது. 1901 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை 46,164. முப்பது ஆண்டில் அது அறுபதாயிரத்தைத் தாண்டிவிட்டது. சிவகாஞ்சியாகிய பெரிய காஞ்சிபுரமும், வரதர் இருக்கும் சின்ன காஞ்சிபுரமும், நடுவில் நெசவுத் தெருக்களும், சுற்றிலும் ஏரிப் பாசன வயல்களும். தொழிற்சாலை என்று அப்போது பெரிதாக ஒன்றும் கிடையாது. ஊரின் காசு இரண்டு வழியில் வரும்: கோயிலுக்கு வருபவர் கையிலிருந்து, புடவை வாங்க வருபவர் கையிலிருந்து.

இரண்டுமே எங்கோ தூரத்தில் இருக்கும் நெல்வயலை நம்பி இருந்தவை. அறுத்த நெல்லை விற்ற காசில்தான் கூறைப்புடவை. அந்தக் காசில்தான் பிரார்த்தனைப் பயணம். 1929க்குப் பிறகு நான்கைந்து ஆண்டுகளில் சென்னை மாகாணத்தில் நெல் விலை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. நிலத்துக் கிஸ்தியும் கடன் வட்டியும் அப்படியே நின்றன. கல்யாணம் தள்ளிப்போகாவிட்டாலும் பட்டு தள்ளிப்போகும். கைக்கு அடங்குகிற ஒரு பருத்திச் சேலையில் காரியத்தை முடித்துக்கொள்வார்கள். அதே சமயம் ஜப்பானிலிருந்து செயற்கைப் பட்டு இழை மலிவாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. தொலைவிலிருந்து பார்த்தால் அசல் பட்டைப் போலப் பளபளக்கும். விலையோ ஏழைக்கும் எட்டும்.

1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்கத் திட்டத்தைக் கைவிட்டது. தங்கம் விலை ஏறியது. கையில் பணம் இல்லாத குடும்பங்கள் தாலிச் சரடு தவிர மற்றதையெல்லாம் விற்றன. இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாகத் தங்கம் வெளியே போனது. தங்கம் ஏறினால் சரிகையும் ஏறும். சரிகை பிரான்சிலிருந்தும் சூரத்திலிருந்தும் வர வேண்டிய ஊர் இது. புடவை வாங்க ஆளில்லாத நேரம் பார்த்துப் புடவைக்குள் போகும் பொருள் விலை ஏறிய கொடுமையை வேறு எந்தத் தொழிலும் இத்தனை நேரடியாக அனுபவித்திருக்குமா என்று தெரியவில்லை.

அரிசி மலிவாகக் கிடைத்த காலத்தில் நெசவாளர் பசித்திருந்தார். பஞ்ச காலக் கதைகளைக் கேட்டு வளர்ந்த எனக்கு இதைப் புரிந்துகொள்ளவே வெகுநாள் ஆயிற்று. தானியம் இல்லாத பசி ஒன்று. தானியம் இருக்க, அதை வாங்கக் கூலி இல்லாத பசி இன்னொன்று. முதலாவதுக்குக் கஞ்சித்தொட்டி திறக்க அரசாங்கத்திடம் பஞ்ச விதித் தொகுப்பு இருந்தது. இரண்டாவது அந்தத் தொகுப்புக்குள் அடங்கவில்லை.

*

நகராட்சியின் சொந்தப் பை எப்படி இருந்தது?

சொத்துவரிதான் முதுகெலும்பு. வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு என்ன கிடைக்கும் என்று மதிப்பிட்டு, கட்டடத்துக்குப் பத்தில் ஒரு பங்கு கழித்து, மீதியின் மேல் வரி. அரையாண்டுக்கு ஒரு முறை கட்ட வேண்டும். தண்ணீருக்கும் விளக்குக்கும் உள்ள வரி அதிலேயே சேர்ந்து வரும். கொஞ்சம் தொழில்வரி, மார்க்கெட் குத்தகை, வண்டி மாட்டுக்கு வரி. ஊருக்குள் வரும் வண்டிகளிடம் சுங்கச்சாவடியில் வாங்கிய காசு ஒரு நல்ல வரும்படியாக இருந்தது. 1931இன் மோட்டார் வாகன வரிச் சட்டம் வந்ததும் மாகாணம் முழுவதும் சுங்கச்சாவடிகள் மூடப்பட்டன. அதற்கு ஈடாக அரசு ஒரு தொகை கொடுத்தது. ஆனால் தன் சாவடியில் தானே வாங்கும் காசுக்கும், மேலிடம் அனுப்பிவைக்கும் காசுக்கும் உள்ள வித்தியாசம் எந்த நகராட்சி மன்றத்துக்கும் தெரியும்.

மதிப்பீட்டை ஐந்தாண்டுக்கு ஒரு முறை திருத்துவது வழக்கம். நல்ல காலத்தில் எழுதிய மதிப்பு கெட்ட காலத்திலும் தொடரும் என்று இதற்குப் பொருள். வாடகை இறங்கிவிட்டது, கூலி இறங்கிவிட்டது. பதிவேட்டில் வீட்டின் மதிப்பு மட்டும் 1920களின் விலையிலேயே உட்கார்ந்திருக்கும். மனு கொடுத்துக் குறைக்கலாம். மனு எழுதத் தெரிந்தவருக்கு அது நடக்கும்.

கடன் வாங்கவும் நகராட்சிக்குச் சுதந்திரம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரம் கஜானா வற்றிப்போய், 1933இல் பணத்துக்குப் பதிலாகத் தானே ஒரு கடன்சீட்டு அச்சடித்துக் கொடுத்துச் சமாளித்தது. சிகாகோவில் பள்ளி ஆசிரியர்கள் மாதக்கணக்கில் சம்பளமின்றி வேலை பார்த்தார்கள். உலகத்தின் பெரிய ஊர்களுக்கே அந்தக் கதி. ஆனால் அவை ஒரு நெருக்கடியை நெருக்கடி என்று அறிவிக்கும் அதிகாரமாவது பெற்றிருந்தன. காஞ்சிபுரம் போன்ற ஊருக்கு இருந்தது வரிக் கணக்கின் மூன்று பத்திகள்: கேட்பு, வசூல், நிலுவை. உலகப் பெருமந்தம் இந்த ஊருக்குள் நுழைந்தது மூன்றாவது பத்தியின் வழியாக.

*

நிலுவைப் பட்டியலை நான் மதிக்கிறேன். அதைக் குற்றவாளிகள் பட்டியல் போலப் பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு. கல்வெட்டில் பெயர் பொறிக்க வசதியில்லாத மனிதரின் கஷ்டம், தேதியோடும் தொகையோடும் எழுதப்பட்டது அநேகமாக அங்கே மட்டுந்தான். ஏகாம்பரநாதர் ராஜகோபுரத்தை 1509இல் கட்டியவர் கிருஷ்ணதேவராயர் என்று ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். இந்த ஊரில் தறி நின்ற அரையாண்டுகள் எவை என்று கேட்டால் நிலுவைப் பத்திதான் பதில் சொல்லும்.

*

தண்ணீர் நிற்கவில்லை. இதை நினைத்துப் பார்க்க வேண்டும். வேகவதி ஆற்றுப் படுகையில் ஊறும் நீரை எடுத்து ஊருக்குள் குழாய் வழி கொண்டுவரும் ஏற்பாடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே வந்துவிட்டது. வசூல் குறைந்தாலும் தெருக்குழாயில் நீர் வந்தாக வேண்டும். வேகவதி பெயருக்குத்தான் ஆறு. ஆண்டில் பெரும்பகுதி மணல். அந்த மணலுக்கடியில் இருப்பதை நம்பி அறுபதாயிரம் பேர்.

கழிவுநீர்த் திட்டம் அப்போது கிடையாது. திறந்த சாக்கடை, மஞ்சள்நீர்க் கால்வாய், எடுப்புக் கக்கூஸ். பங்குனி உத்திரத்துக்கும் வைகாசி கருடசேவைக்கும் ஊர் பல மடங்காகப் பெருகும். திருவிழா என்றால் பக்தருக்கு சாமி. அந்தக்கால நகராட்சிக்குக் காலரா. கிணறுகளில் மருந்து போட வேண்டும், சத்திரங்களைப் பார்வையிட வேண்டும், தற்காலிகக் கக்கூஸ் கட்ட வேண்டும், குப்பை வண்டி கூடுதலாக ஓட வேண்டும். வருமானம் குறைந்துவிட்டது, இந்த வருஷம் கருடசேவைக்குக் கொஞ்சம் குறைவாகச் சுத்தம் செய்யலாம் என்று தீர்மானம் போட முடியாது. வீட்டுச் செலவில் கை வைக்க முடியாத இனம் ஒன்று உண்டல்லவா, அப்படி.

*

விடியற்காலையில் நெசவுத் தெருக்களில் பாவு விரிப்பதைப் பார்த்திருக்கிறேன். தெருவின் ஒரு முனையில் முளை, மறுமுனையில் முளை. நடுவில் கம்புகளின் மேல் பாவு நீண்டு கிடக்கும். கஞ்சி தெளித்து, இழை இழையாகத் தட்டி நீவி, அறுந்ததை விரல் நுனியால் முடிச்சிட்டுக்கொண்டே போவார்கள். ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் இரண்டு பக்கமும். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். சூடு பட்டால் இழை முறுகும். அந்த நேரத்தில் வண்டி வராது. சைக்கிளில் வருபவர் இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவார். யாரும் சொல்ல வேண்டியதில்லை.

தெரு நகராட்சியின் சொத்து. அனுமதியில்லாமல் அதில் பொருளை வைத்து வழியை மறிக்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் நெசவுத் தெருக்கள் பாவின் நீளத்தை மனத்தில் வைத்தே அகலமும் நேருமாக அமைந்தவை. தெருவும் ஒரு கருவி. கைத்தொழிலாளியின் கருவியை ஜப்தி செய்யாதே என்ற அந்தப் பத்தி, ஏட்டில் இல்லாமலே தெருவிலும் நடைமுறையில் இருந்து வந்திருக்கிறது.

தறி நின்ற வாரங்களில் தெரு காலியாக, வண்டி தாராளமாகப் போகும்படி இருந்திருக்கும். வெளியூரிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் பார்த்தால் ஒழுங்கான தெரு என்றுதான் நினைத்திருப்பார்.

*

அதிகாரி என்றதும் இன்னொன்று. 1933 வரைக்கும் வாரண்டில் கையெழுத்துப் போடும் அதிகாரம் சேர்மனிடம் இருந்தது. அவர் உள்ளூர்க்காரர், கவுன்சிலர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர். யார் வீட்டில் தறி நின்றது, யார் கட்ட முடிந்தும் கட்டவில்லை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்ததனால் இரக்கமும் காட்டலாம், பாரபட்சமும் காட்டலாம். நகராட்சிகளில் நிலுவை மலையாகக் குவிகிறது, சேர்மன்கள் தங்களுக்கு வேண்டியவர்களை விட்டுவிடுகிறார்கள் என்ற புகார் மாகாணம் முழுவதும் இருந்தது. 1933இன் திருத்தச் சட்டம், அரசாங்கம் நியமிக்கும் கமிஷனர்களை நகராட்சிகளுக்குக் கொண்டுவந்தது. நிர்வாகம் அவர்கள் கைக்குப் போனது.

வசூலைப் பொறுத்தவரை இது நியாயமான சீர்திருத்தம். செல்வாக்குள்ள பாக்கிதாரர்கள் தப்பித்துக்கொண்டிருந்தது பொய்யில்லை. ஆனாலும் அது வந்த வருஷத்தைப் பார்க்கிறேன். மந்தத்தின் அடிமட்டம். முகம் தெரிந்தவரிடம் "அடுத்த முகூர்த்தத்துக்குள்ள கட்டிடறேங்க" என்று சொல்ல வழி இருந்த ஊரில், முகம் தெரியாதவர் வந்து உட்கார்ந்தார். வாக்குரிமையும் அப்போது வரி கட்டும் தகுதியையும் சொத்தையும் ஒட்டியே இருந்தது. கூலிக்கு நெய்து வாடகை வீட்டில் இருந்தவருக்குக் கவுன்சிலரிடம் போய் உரிமையோடு பேசும் பலம் முன்பும் இல்லை. அவருக்கு இருந்ததெல்லாம் ஒரே ஊர் என்ற உறவு. சீர்திருத்தம் பாரபட்சத்தை வெட்டியபோது அந்த உறவும் சேர்ந்தே வெட்டுப்பட்டது என்பது என் எண்ணம். எது சரி என்று எடை போட்டுப் பார்த்தால், எனக்குத் தட்டு நிற்க மாட்டேன் என்கிறது.

*

இந்த ஊர் நகராட்சி அலுவலகத்தில் சில காலம் எழுத்தராக இருந்தவர் ஒருவர். 1909 செப்டம்பர் 15இல் பிறந்தவர், நெசவாளர் குடும்பம், வளர்த்தது 'தொத்தா' என்று அவர் அழைத்த ராஜாமணி அம்மாள். பச்சையப்பன் உயர்நிலைப் பள்ளி மாணவர். வீட்டு வருமானத்துக்காக அந்த வேலையில் சேர்ந்து, பிறகு 1928இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரிக்குப் போனார். சி.என். அண்ணாதுரை. மந்தம் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் அவர் படித்த பாடம் பொருளாதாரமும் அரசியலும்.

அண்ணாவின் மேடையைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்கு அந்த மேசை பிடிக்கும். பிறப்பு, இறப்பு, கேட்பு, வசூல், நிலுவை என்று ஊரின் நாடித்துடிப்பு காகிதமாக வந்து விழும் ஓர் அலுவலகத்தில், ஒரு நெசவாளர் வீட்டுப் பையன். 1967இல் முதலமைச்சரானதும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்று அவர் தொடங்கியபோது, அரிசிக்கும் கூலிக்கும் நடுவில் உள்ள தூரத்தை அவர் புத்தகத்தில் மட்டும் படித்தவர் இல்லை என்பதைக் காஞ்சிபுரத்தில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

*

அதே சட்டத்தில் இன்னொரு சலுகை. ஒரு கட்டடம் தொடர்ந்து முப்பது நாளோ அதற்கு மேலோ ஆளில்லாமல், வாடகைக்கும் போகாமல் காலியாகக் கிடந்தால் அந்தக் காலத்துக்கு வரியில் பாதியைக் கழித்துக்கொள்ளலாம். வீட்டுச் சொந்தக்காரருக்கு நியாயமான சலுகை.

தறி முப்பது நாள் காலியாகக் கிடந்தால்? வீட்டில் ஆள் இருக்கிறார்கள். முன்னைவிட அதிக நேரம் இருக்கிறார்கள். ஆகவே முழு வரி. பட்டினியில் ஊரை விட்டுப் போய்விட்டால் வீட்டுக்குச் சலுகை. போகாமல் தறியைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இல்லை.

யாரும் கெட்ட எண்ணத்தில் அப்படி எழுதவில்லை. கருவியைக் காப்பாற்றினால் தொழிலைக் காப்பாற்றியதாகும் என்று நம்பினார்கள். கருவி வீட்டில் முழுசாக இருக்க, வேலை மட்டும் வராமல் போகும் ஒரு நாளை அவர்கள் கற்பனை செய்து பார்க்கவில்லை. வேலையைக் கொண்டுவர ஓர் அமைப்பு வேண்டும் என்ற எண்ணம் நகராட்சிக்கு வெளியிலிருந்து வந்தது. 1934இல் சிம்லாவில் கூடிப் பேசி, கைத்தறிக்கென்று மாகாணங்களுக்கு மானியம் ஒதுக்கினார்கள். 1935இல் சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கோ-ஆப்டெக்ஸ் என்று நாம் கூப்பிடுவது அதைத்தான்.

*

பட்டியலில் இல்லாதவர்கள் என்று சிலர் உண்டு. நெசவாளரின் தறியைச் சொன்ன சட்டம், உழவரின் ஏரைச் சொன்ன சட்டம், விடிகாலையில் எடுப்புக் கக்கூஸைச் சுத்தம் செய்தவரின் கருவியைச் சொல்லவில்லை. சொல்ல அவசியமில்லை. வாளியும் துடைப்பமும் வண்டியும் நகராட்சியுடையவை. ஜப்தி செய்ய அவர்களிடம் எதுவும் இல்லை, காப்பாற்றிக் கொடுக்கவும் எதுவும் இல்லை. தறி நின்றாலும் அவர்கள் வேலை ஒரு நாள்கூட நிற்கவில்லை. ஊர் பட்டினி கிடந்த நாட்களிலும் அந்த வண்டி போயிருக்கிறது.

1937இல் சின்ன காஞ்சிபுரத்தில் அனந்தசரஸ் குளத்திலிருந்து அத்திவரதர் வெளியே எழுந்தருளினார். அதற்கு முன் 1892. அதற்குப் பின் 1979. வாழ்நாளில் ஒரு முறையோ இரு முறையோ கிடைக்கும் தரிசனம் என்று எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் வந்தார்கள். அந்த ஜனத்துக்காகக் குடிநீர் கொடுத்து, வீதியைக் கூட்டி, மலம் அள்ளியவர்கள் நகராட்சியின் துப்புரவுத் தொழிலாளர்கள். சென்னை மாகாணத்தின் எல்லாக் கோயில்களிலும் நுழைந்து கும்பிடும் உரிமையை அவர்களுக்குக் கொடுத்த சட்டம் வந்தது 1947இல். அத்திவரதர் அப்போது குளத்துக்குள் இருந்தார்.